கொடையும் உரிமையும்

பொதுநலன் கருதி ஒருவர் திரட்டிய பொருளில் அவருக்குத் தனியுரிமை உண்டா? பாடசாலை விளையாட்டுக்கென அமையும் ஆதரவாளர் கழகங்களின் நிதி இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

இலங்கையில் 1945 ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. எனினும், ஓட்டக் காலணிக்கும் பந்துக்கும் பயணத்துக்கும் வேண்டிய பணத்தைப் பெற்றோரும் பழைய மாணவருமே தேடிக்கொடுக்க நேர்வதுண்டு. திருகோணமலை நகருக்கு வடக்கே, 30 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள குச்சவெளியிலிருந்து ஓர் அணி நகரத்து மைதானத்துக்குச் சென்று மீள்வதே செலவுமிக்க காரியமாகும்.

இத்தகைய கடலோர ஊர்களிற் கரைவலை இழுத்தவர் மீன்பாட்டிற் பங்கு பெறுவது முறை. அம்முறையைக் கழக நிதிக்கும் பொருத்தி, 'கூடுதலாகச் சேர்த்தவரின் பிள்ளைக்கே கூடுதலான உதவி' என வாதிடுவோர் உளர். அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக் பயிலும் சிறுவர்க்கான ஆதரவாளர் கழகமொன்று இவ்வாறே இயங்கியது. பெற்றோர் பொருள்களை விற்று ஈட்டிய இலாபம் அவரவர் பிள்ளையின் கட்டணத்திற் கழிக்கப்பட்டது. விற்பனையிற் பங்குகொள்ளாதவரின் பிள்ளைக்கு அதில் ஒன்றும் கிட்டவில்லை. அக்கழகம் அறப்பணி நிறுவனத்துக்குரிய வரிவிலக்கைப் பெறத் தகுதியற்றதென 2013 இல் அந்நாட்டு வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பின் உட்பொருள் சட்டத்தோடு அமைவதன்று. வலை இழுப்பவர் தம் குடும்பத்துக்காக உழைப்பதை ஊரறியும். நிதி திரட்டுபவரோ, பிள்ளைகள் அனைவரின் பெயராலும் அயலார் வாயிலில் நிற்கின்றார். கொடுத்தவர் அப்பிள்ளைகள் எல்லார்க்குமாகவே கொடுத்தார். ஆதலின், பெற்றவர் அதனைக் கொண்டுசேர்ப்பவரேயன்றி உரிமையாளர் ஆகார்.

'உழையாதார் பயன்பெறுதல் தகுமோ?' எனும் மறுப்பும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயின், இரவெல்லாம் கடலில் நின்ற தந்தை பகலில் நிதி திரட்ட வாராமை சோம்பலாகுமா? சோம்பலேயாயினும், தந்தையின் குறைக்கு மகளை ஓடுகளத்திலிருந்து விலக்குதல் எந்த நீதி?

உழைத்தவருக்குக் கழகம் கடப்பாடுடையது என்பது உண்மையே. அக்கடன் சலுகையால் தீர்வதன்று; வரவையும் செலவையும் ஆண்டுதோறும் சபையறிய வாசிப்பதால் தீர்வது. மறைத்த கணக்கு நேர்மையாளரையும் ஐயத்துக்குள்ளாக்கும். திறந்த கணக்கு அவர்தம் உழைப்புக்குச் சான்று பகரும். வெற்றிக் கிண்ணம் அலுமாரியில் மங்கினாலும், அனைவரும் சமமாக நடத்தப்பட்ட நினைவு பிள்ளைகளின் உள்ளத்தில் மங்காது. கழகங்கள் ஈட்டத்தக்க மெய்யான செல்வம் அதுவே.