ஒரே சாலை, இரு வியர்வை

வியர்வை ஒன்றுதான். உப்பும் நீரும் கலந்த அந்தத் துளிக்குச் சாதியில்லை, சமயமில்லை, உயர்வு தாழ்வும் இல்லை. ஆனால் உலகம் அதற்கு இரண்டு விலை வைத்திருக்கிறது. ஒருவர் நெற்றியில் வழிந்தால் அருஞ்செயல் என்று போற்றுகிறது. மற்றொருவர் நெற்றியில் வழிந்தால் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஏன் இந்த வேற்றுமை?

விடை தேடி ஏடுகளைப் புரட்ட வேண்டாம். ஆடி மாதத்துக் காலை ஒன்றில், திருப்பூரிலிருந்து காங்கயம் செல்லும் சாலையில், முதலிபாளையத்துக்குப் பிரியும் இடத்தருகே சற்றே நின்று பாருங்கள்.

மேற்கிலிருந்து ஒரு மிதிவண்டி வருகிறது. ஓட்டி வருபவர் நாடு சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட இளைஞர். தலையிலே கவசம், பின்னே பயண மூட்டை. விடியுமுன் கோவையை விட்டவர், காங்கயம், வெள்ளகோவில், கரூர் கடந்து, அன்றிரவே திருச்சியை எட்டிவிட எண்ணுகிறார். இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி!

கிழக்கிலிருந்து மற்றொரு மிதிவண்டி வருகிறது. மொபெட்டும் கம்பெனி வேனும் மிகுந்துவிட்ட இந்நாளிலும் மறைந்துவிடாத பழைய வண்டி. கைப்பிடியிலே தூக்குப்போசி ஆடுகிறது. முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையின் பனியன் கம்பெனி ஒன்றுக்கு விரைகிறார் அந்தத் தொழிலாளி. நேரம் தவறினால் கூலி குறையும். மேஸ்திரியின் முகம் கறுக்கும்.

ஆடிக் காற்றோ பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து மேற்கிலிருந்து வீசுகிறது. கிழக்கே செல்லும் பயணியின் முதுகைத் தள்ளி உதவுகிறது; மேற்கே வரும் தொழிலாளியின் மார்பில் மோதித் தடுக்கிறது. ஒரே சாலை, ஒரே காற்று, ஒரே வகை வண்டி. இருவரும் வியர்க்கிறார்கள். தேநீர்க்கடையில் இருப்போர் பயணியைச் சூழ்ந்து வியக்கிறார்கள். தொழிலாளியை எவரும் திரும்பியும் பார்க்கவில்லை.

தொலைவுதான் பெருமைக்குக் காரணம் என்பர் சிலர். கணக்கிட்டுப் பார்ப்போமா? வீட்டுக்கும் கம்பெனிக்கும் இடையே 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 20. ஆண்டுக்கு 300 நாள் என்றால் 6,000 கிலோமீட்டர்! காசுமீரத்திலிருந்து கன்னியாகுமரி வரை உள்ள சாலையே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர்தான். எனவே, குமரிக்கும் காசுமீரத்துக்கும் உள்ள தொலைவை ஆண்டுதோறும் மிஞ்சுகிறவர், மாலை வாங்காமலே வீடு திரும்புகிறார்.

பிறர் உதவியின்றிச் செல்லும் தன்னாற்றலே பெருமைக்குக் காரணம் என்பர் வேறு சிலர். நல்ல கருத்துத்தான். பிரான்சு நாட்டில் 1904 ஆம் ஆண்டு தோன்றிய ஆடாக்ஸ் மிதிவண்டிக் கழகத்தின் நெறி அது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். பழுதானால் தானே சீர் செய்துகொள்ள வேண்டும். அந்தப் பயணத்திலே முதற்பரிசு இல்லை. காலத்துக்குள் வந்தவர் அனைவரும் ஒரே வரிசை. முந்தியவன் பிந்தியவன் என்று மக்களைத் தரம் பிரித்தே பழகிய உலகில் போற்றத்தக்க முறையல்லவா அது? ஆயினும், அப்படிச் செல்பவர் மிதிக்கும் சாலையைப் போட்டவர் யார்? பசிக்கு இட்டலி வார்த்தவர் யார்? அவர் அணிந்த பின்னலாடையைத் தைத்தது, எதிரே வந்து கடந்துபோன அந்தத் தொழிலாளியின் கையாகக்கூட இருக்கலாமே! தனித்து ஓட்டலாம், தனித்து வாழ்ந்தவர் எவருமில்லை.

அப்படியானால் வேற்றுமை எங்கே இருக்கிறது? காற்றைக் கேளுங்கள், சொல்லும். எதிர்காற்று வேண்டாமென்றால் பயணி மாதத்தை மாற்றலாம்; வழியை மாற்றலாம்; களைத்தால் மரநிழலில் படுக்கலாம்; மனமில்லையேல் பேருந்தில் ஏறி ஊர் திரும்பலாம். தொழிலாளிக்கு ஆடியும் ஒன்றுதான், ஐப்பசி அடைமழையும் ஒன்றுதான். ஒருவரை ஆர்வம் ஓட்டுகிறது. மற்றவரை அடுப்பு ஓட்டுகிறது. உடலின் துன்பம் இருவருக்கும் பொது. அதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஒருவருக்கே உண்டு. அந்த உரிமை இருக்குமிடத்தில் துன்பமும் இன்பமாகிறது. இல்லாதவிடத்தில் எளிய வேலையும் சுமையாகிறது.

அயர்லாந்து நாட்டு டெர்வ்லா மர்ஃபியின் கதை இதற்குச் சான்று. பத்தாவது பிறந்தநாளில் ஒரு மிதிவண்டியும் உலகப்படத் தொகுப்பும் பரிசாகக் கிடைத்தன. இந்தியா வரை மிதிவண்டியிலேயே செல்வேன் என்று அன்றே முடிவு செய்தாள் சிறுமி. ஆனால், நோயுற்ற தாயைப் பேண, பதினான்கு வயதிலேயே பள்ளியை விட வேண்டியதாயிற்று. தாயின் மறைவுக்குப் பின்னரே, 1963 சனவரியில், கடுங்குளிரில் புறப்பட்டுத் தில்லி வந்து சேர்ந்தார். உறுதியும் உடல்வலியும் இருந்தும் இருபதாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அவருக்காவது ஒருநாள் கதவு திறந்தது. திறவாத கதவுகளுக்குப் பின்னே எத்தனை பயணிகள் மடிந்தனரோ!

இங்கே இரண்டு தவறான அறிவுரைகள் உலவுகின்றன. ஊர் சுற்றுவது வீண் வேலை, அந்த வலிமையை உழைப்பிலே காட்டக்கூடாதா என்பது ஒன்று. அறிய விரும்புவதும், அடிவானத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று காண விரும்புவதும் மனிதனின் பண்பு. அதைப் பழிப்பது அறிவைப் பழிப்பதாகும். மற்றொன்று, தொழிலாளியைப் பார்த்து, உனக்கு உழைப்பே உடற்பயிற்சி, நீ கொடுத்து வைத்தவன் என்று தட்டிக் கொடுப்பது. இது முன்னதைவிடக் கொடியது. ஒன்றரை ஷிப்ட் நின்று களைத்த காலுக்குப் பாராட்டுரை மருந்தாகாது. கட்டாயத்தைக் கடமை என்றும், வறுமையை எளிமை என்றும் பெயர் மாற்றிச் சூட்டுவது, பறித்ததை மறைக்க விரிக்கும் பட்டுத்துணி.

மேலும், சாலை எல்லார்க்கும் திறந்தே கிடந்தது என்று எண்ண வேண்டாம். 1924 ஆம் ஆண்டு வைக்கத்தில் நடந்த போராட்டம், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே எழுந்தது. அதன் பின்னரும், தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில், தாழ்த்தப்பட்டவர் ஊர்த்தெருவுக்குள் வந்ததும் மிதிவண்டியை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும் என்ற கொடுமை நிலவியது. சக்கரத்தைக் கண்டு ஏன் அஞ்சினர்? தம் விருப்பப்படி செல்பவர் தலைநிமிர்ந்து செல்வார் என்பது அவர்களுக்குத் தெரியும்!

புதுக்கோட்டைப் பெண்களும் அதை உணர்ந்தனர். 1990களின் தொடக்கத்தில், அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் சேர்த்துக் கற்பித்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் துணை நின்றார். கல்லுடைத்தவரும் களையெடுத்தவரும் வண்டியேறினர். பெண்களுக்கான வண்டி போதவில்லை. ஆண்கள் வண்டியையே ஓட்டினர். 1992 ஆம் ஆண்டு மகளிர் நாளன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் திரண்டதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியுள்ளார். கேலி பேசியவர்கள் இருந்தனர், ஓட்டியவர்கள் நிற்கவில்லை.

பிறகு, பள்ளி மாணவியருக்கு அரசே மிதிவண்டி வழங்கும் காலம் வந்தது. நெஞ்சு நிமிர்கிறது. ஆனால், அப்படி வண்டி பெற்ற சிற்றூர்ப் பெண் ஒருத்தி, படிப்பை நிறுத்திவிட்டு நூற்பாலை விடுதியொன்றில் சேர்ந்தால், ஞாயிற்றுக்கிழமையேனும் தன் விருப்பப்படி வாயிலைத் தாண்ட முடிகிறதா? மேற்கு மாவட்டங்களின் ஆலை விடுதிகள் பலவற்றில் இளம்பெண்கள் வெளியே செல்ல விடாமல் வைக்கப்பட்ட செய்திகள் 2000க்குப் பின் மீண்டும் மீண்டும் வெளிவந்தன. பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். கூண்டுக்குச் சொல்லப்படும் பழைய காரணமும் அதுதானே!

ஆகவே, எந்த வியர்வை உயர்ந்தது என்பது பிழையான கேள்வி. எவருக்குத் தேர்வுரிமை உண்டு, எவருக்கு இல்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வாரத்துக்கு ஒருநாள் ஓய்வு என்று 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதியது, உடல் மறுநாளைய வேலைக்குத் தேற வேண்டும் என்பதற்காக மட்டுமா? அந்த ஒருநாளாவது மனிதன் தனக்கு உரியவனாக இருக்கட்டும் என்பதற்காகவும்தான். ஓவர்டைம் விழுங்கிய ஞாயிறும், பூட்டிய வாயிலுக்குள் கழிந்த ஞாயிறும் ஓய்வாகா.

காங்கயம் சாலையிலே மிதிக்கும் பயணியே, உன் பயணம் சிறக்கட்டும்! உன்னைக் குறை கூறவில்லை. எதிர்காற்றில் தலைகுனிந்து வருகிறாரே, அவரைக் கண்டால் ஒரு கணம் எண்ணிப் பார். நீ இன்று நுகர்வது உன் கால் வலிமையின் பயன் மட்டுமன்று. அவருக்கு இன்னும் கிட்டாத உரிமையின் பயனும் ஆகும்.

தூக்குப்போசி இல்லாமல், மணி பார்க்காமல், கிளுவை வேலிகளுக்கு இடையே, காற்று தள்ளும் திசையிலே, அவரும் ஒருநாள் வெறுமனே கிழக்கே ஓட்டிச் செல்ல வேண்டும். அவர் மகளும் அப்படிச் செல்ல வேண்டும். எங்கே போகிறாய் என்று எவரேனும் கேட்டால், சும்மா, ஊர் பார்க்க என்று அச்சமின்றி விடை சொல்ல வேண்டும். அந்த நாளைக் கொண்டுவருவதே நம் வேலை.