யார் வீட்டு நெருப்பு?

2018-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் காலை, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஓர் ஊர் எரிந்தது. பாரடைஸ் என்பது அதன் பெயர். நம் மொழியில் சொன்னால் சுவனம். பைன் மரங்கள் அடர்ந்த மலைச்சரிவில் ஏறத்தாழ 26,000 பேர் வாழ்ந்த ஊர் அது. உழைத்து ஓய்ந்தவர்கள் மரநிழலில் எஞ்சிய நாளைக் கழிக்க நாடிவந்த இடம். அன்று மாலைக்குள் அவ்வூரின் பெரும்பகுதி இல்லாமற் போயிற்று. அங்கும் சுற்றுப்புறங்களிலுமாக 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 85 உயிர்கள் மாண்டன. மாண்டோரில் பெரும்பாலோர் அறுபத்தைந்து வயதைக் கடந்த முதியோர்.

நெருப்பு ஓய்ந்தபின் எடுத்த படங்களைப் பார்த்தோர் ஒரு விந்தையைக் கண்டனர். வரிசை வரிசையாக வீடுகள் சாம்பல் மேடாய்க் கிடந்தன. அவற்றினிடையே பைன் மரங்கள் பல பசுமை மாறாமல் நின்றன. காட்டுத்தீ என்கிறோம். காடு நிற்கிறது, வீட்டைக் காணோம். இஃது எப்படி நேர்ந்தது? இவ்வினாவுக்குரிய விடையில் ஒரு பாதி பௌதிகம், மறுபாதி அறம். முதற்பாதியைச் சொல்லாமல் இரண்டாம் பாதியைத் தொட இயலாது.

காட்டுத்தீ என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது வானளாவிய தீச்சுவர். அது பாய்ந்து வரும், வழியிலுள்ள அனைத்தையும் விழுங்கும், அதன்முன் மனிதன் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பதே உலகெங்கும் பொதுமக்களின் எண்ணம். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய ஜாக் கோஹன் என்ற அறிவியலாளர் இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்த்தார். 1990-களின் பிற்பகுதியில், கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிக் காட்டில் வேண்டுமென்றே பெருந்தீ மூட்டினர். அதன் எதிரே மரச்சுவர்களை 10, 20, 30 மீட்டர் தொலைவுகளில் நிறுத்தினர். மர உச்சிக்கு மேலும் எழுந்து வந்தது நெருப்பு. 10 மீட்டரில் நின்ற சுவர் சில தடவை பற்றியது. சில தடவை கருகியதோடு தப்பியது. 30 மீட்டரில் நின்ற சுவர் பற்றவே இல்லை. அத்துணைப் பெரிய சுவாலையும் ஓரிடத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. தன் இரையை முடித்துக்கொண்டு கடந்து போய்விடுகிறது.

அப்படியானால் வீடுகளை எரிப்பது எது? 2000-ஆம் ஆண்டு மே மாதம் நியூ மெக்சிகோ மாநிலத்து லாஸ் அலமோஸ் நகரில் 400-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. கோஹன் அங்கும் சென்று பார்த்தார். அங்கும் எரிந்த வீட்டின் பக்கத்தில் எரியாத மரம். சருகின் வழியே தரையில் ஊர்ந்துவந்த சிறு நெருப்பும், காற்றில் பறந்துவந்த கங்குகளும், பக்கத்து வீட்டின் வெப்பமுமே பெரும்பாலும் அழிவு செய்திருந்தன. கங்கு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் பறந்து வரும். கூரையோரத் தூம்பில் மக்கிய சருகு, பரணுக்குக் காற்று செல்லும் துளை, சுவரையொட்டி அடுக்கிய விறகு, வாசலில் விரித்த நார்விரிப்பு ஆகியவையே அது தேடிவரும் இடங்கள். கூரை வீடுகள் நெருங்கி நின்ற தெருவில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தீ தெருவில் நடந்து வருவதில்லை, கூரைக்குக் கூரை தாவி வருகிறது என்பதை அவர்கள் அறிவார்கள்.

பாரடைஸ் ஊரின் 400 வீடுகளை எடுத்துக்கொண்டு, எவை பிழைத்தன, எவை எரிந்தன என்று பின்னர் ஆய்வு செய்தனர். 1997-க்கு முன் கட்டியவற்றில் நூற்றுக்குப் பதினொன்றரை வீடுகளே பிழைத்திருந்தன. அதற்குப்பின் கட்டியவற்றில் நூற்றுக்கு முப்பத்தெட்டரை. கட்டும் முறையால் பயனுண்டு என்பதற்கு இது சான்று. எனினும் அவ்வாய்வில் என் நெஞ்சைத் தைத்த செய்தி வேறொன்று. ஒரு வீடு பிழைக்குமா பிழைக்காதா என்பதை மிக வலுவாகக் காட்டிய அடையாளங்களுள் ஒன்று, எரிந்த அடுத்த கட்டடம் அதற்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதேயாம்.

இங்கேதான் அறத்தின் வினா பிறக்கிறது. “என் வீடு, என் மரம், என் துணிவு, எரிந்தால் என்னுடையது எரியட்டும், உனக்கென்ன?” காட்டோரத்தில் குடியிருப்போரிடம் அதிகாரிகள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சுதந்திரத்தைப் போற்றும் நாடுகளில் இப்பேச்சுக்கு மதிப்பும் உண்டு. தனக்கு மட்டுமே கேடு வரத்தக்க செயலில் ஒருவனைத் தடுக்கப் பிறர்க்கு என்ன உரிமை என்று தத்துவ அறிஞர்கள் கேட்டிருக்கின்றனர். அது நியாயமான கேள்வி. ஆனால், அக்கேள்வி எழவேண்டுமானால் கேடு அவனோடு நிற்கவேண்டும். எரியும் வீடு தன் எல்லைக்குள் நிற்பதில்லை. மரம் சில நிமிடங்களில் எரிந்து அடங்கிவிடும். வீடோ மணிக்கணக்கில் எரியும், கங்குகளை வாரி இறைக்கும், பக்கத்துச் சுவரைச் சுடும். அந்நேரத்தில் அது வீடன்று, விறகு. அடுத்தவன் வீட்டை எரிக்கப் போதுமான அளவு குவித்து வைத்த விறகு.

ஆகவே, தூம்பிலுள்ள சருகை அள்ளாதவன் தன் உடைமையைப் பணயம் வைக்கவில்லை. அண்டை வீட்டாரின் உடைமையை அவர்களைக் கேளாமலே பணயம் வைக்கிறான். இது கடுமையான தீர்ப்பு என்பதை அறிவேன். இதை எழுதும் என் வீட்டில் மின்கம்பிகள் எத்தனை ஆண்டுப் பழையவை என்று நான் ஏறிப் பார்த்ததில்லை. என் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒன்றே.

இதற்கு மறுப்புச் சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்லில் உண்மையும் உண்டு. பாரடைஸ் ஊரை எரித்த நெருப்பை மூட்டியவர் அவ்வூரார் அல்லர். ஏறத்தாழ நூறாண்டுப் பழமையான மின்தடத்தில் தேய்ந்துபோன ஒரு கொக்கி அறுந்தது. அதிலிருந்து பொறி விழுந்தது. அத்தடத்துக்குரிய பசிபிக் காஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் 84 பேரின் சாவுக்குக் காரணமான குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. கொக்கியை மாற்றாத நிறுவனத்தை விட்டுவிட்டுச் சருகை அள்ளாத கிழவியைக் குறை கூறுவதா என்று கேட்டால், கூடாது என்பதே என் விடை. ஆனால், ஒருவர் குற்றவாளி என்று முடிவானதும் ஏனையோர் கடமையிலிருந்து விடுபட்டுவிடுகிறோமா? பொறி எங்கிருந்து வந்தது என்பது ஒரு வினா. அது விழுந்த இடத்தில் என்ன கிடந்தது என்பது மற்றொரு வினா. முன்னதற்கு நீதிமன்றம் விடை கூறும். பின்னதற்கு நாம்தான் கூறவேண்டும்.

மக்கள் இவ்வாறு எண்ணப் பழகியதற்கு அரசும் ஒரு காரணம். 1910-ஆம் ஆண்டில் ஐடஹோ, மான்டானா பகுதிகளில் 30 இலட்சம் ஏக்கர் எரிந்தபின், அமெரிக்க வனத்துறை நெருப்பைப் பகையாகவே கண்டது. எந்தத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று 1935-இல் விதி செய்தனர். 1944-இல் தொப்பியணிந்த ஒரு கரடியின் படத்தைக் காட்டிக் காட்டுத்தீயைத் தடுக்குமாறு குழந்தைகளுக்கும் போதிக்கத் தொடங்கினர். தொல்குடியினர் காலந்தோறும் சிறுசிறு தீயிட்டுச் சருகைக் குறைத்துவந்த வழக்கம் தடைப்பட்டது. விளைவு இரண்டு. காட்டில் எரிபொருள் பெருகிற்று. நெருப்பு என்பது துறையார் பாடு, வானூர்தி வரும், அணைத்துவிடும் என்ற நம்பிக்கை மக்களிடம் பெருகிற்று. அந்நம்பிக்கை அவர்கள் தாமாகக் கொண்டதன்று; அரை நூற்றாண்டுக்கு மேல் அவர்களுக்கு ஊட்டப்பட்டது.

ஆஸ்திரேலியர் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தனர். நெருப்பு நெருங்குமுன்பே வெளியேறு, அல்லது ஆயத்தமாக இருந்து உன் வீட்டைக் காத்துநில் என்பதே அங்கு அரசு கூறிய அறிவுரை. பொறுப்புள்ள குடிமகனைப் பொறுப்புள்ளவனாகவே நடத்திய கொள்கை அது. அதன் அறம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் 2009 பிப்ரவரி 7-ஆம் நாள், மெல்பர்ன் நகரில் வெப்பம் 46 பாகையைத் தாண்டிய அந்தச் சனிக்கிழமையன்று, விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் மாண்டனர். பெரும்பாலோர் வீட்டுக்குள்ளோ வீட்டருகிலோ மாண்டவர்கள். அவர்களில் போதிய ஆயத்தமில்லாதவர் பலர்; போகலாமா இருக்கலாமா என்று கடைசிவரை பார்த்திருந்தவரும் பலர். ஆயத்தமாக நின்று மடிந்தவரும் இருந்தனர் என்பதை மறைக்கக்கூடாது. விசாரணை ஆணையம் ஆராய்ந்தபின் கொள்கை திருத்தப்பட்டது: உயிருக்கு முதலிடம், மிகக் கொடிய நாள்களில் முன்கூட்டியே வெளியேறுவது ஒன்றே வழி. வீட்டைக் காக்கவேண்டிய நாள் நெருப்பு வரும் நாளன்று. அதற்கு முந்தைய மாதங்களே.

‘நடப்பது நடந்தே தீரும்’ என்று சொல்லிச் சும்மா இருப்பாரும் எந்நாட்டிலும் உண்டு. இறைவன்மீது பாரத்தைப் போடுவதாக அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். போடுவதோ அண்டை வீட்டார்மீது.

ஆனால், அலட்சியம் என்ற ஒரு சொல்லில் எல்லாரையும் அடக்கிவிடுவது அநீதி. காட்டோரத்தில் வாழ்வோருக்கு அபாயம் தெரியாமலில்லை, கேட்டால் சொல்வார்கள். எண்பது வயது மூதாட்டி ஏணியில் ஏறித் தூம்பைத் துப்புரவு செய்வாளா? வாடகைக்கு இருப்பவன் உரிமையாளரின் கூரையை மாற்றுவானா? காற்றுத்துளைக்கு நெருக்கமான கம்பிவலை அடிப்பது சிறு செலவு. மரச்சில்லு வேய்ந்த கூரையைப் பெயர்த்துத் தீப்பற்றாத கூரை போடுவது ஓய்வூதியத்தில் வாழ்பவரால் ஆகாது. நகரத்து வாடகை தாங்காமல்தான் பலர் காட்டோரத்துக்கே வந்தனர். காப்பீட்டு நிறுவனங்களோ தம் கணக்கைப் பார்த்துக்கொண்டன. கலிபோர்னியாவின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனம் 2023 மே மாதம் அங்குப் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. வசதியுள்ளவன் கூரையை மாற்றினான், வீடு பிழைத்தது; இல்லாதவனின் வீடு எரிந்தது, அவனையே அலட்சியக்காரன் என்றும் சொன்னோம் என்றால், அதன் பெயர் நீதியாகுமா? கங்கு தெருவுக்குப் பொதுவென்றால் ஏணியும் தெருவுக்குப் பொதுவாக இருக்கவேண்டும். இளைஞர்கள் சிலர் ஒரு விடுமுறை நாளில் ஏறி இறங்கினால் ஒரு தெருவின் தூம்புகள் அனைத்தும் துப்புரவாகிவிடும். இது தருமமும் அன்று. தம் வீட்டைக் காத்துக்கொள்ளும் வேலைதான்.

2020-ஆம் ஆண்டில் கலிபோர்னியச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மிகு அபாயப் பகுதிகளில் வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரியத்தக்கது எதுவும் இராதவாறு விதிகள் வகுக்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. விதிகள் குறித்த காலத்தில் வரவில்லை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் பாலிசேட்ஸ், ஈட்டன் ஆகிய இரு தீக்களில் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதன்பிறகே ஆளுநர் விரைவுபடுத்த ஆணையிட்டார். அவ்வாண்டு நடந்த பொதுக்கூட்டங்களில் மக்கள் எழுந்து நின்று வாதாடினர். சிலர் செலவைச் சொன்னார்கள். நீர் ஊற்றி வளர்த்த பசுஞ்செடி கங்கைத் தடுக்குமேயன்றி எரியாது என்றனர் சிலர். சன்னலோரத்தில் பல்லாண்டு நின்ற செடியை வெட்டச் சொல்வது கொடுமை என்றனர் வேறு சிலர். இக்கடைசி வாதத்தைக் கேட்டு நகைப்பவர் செடி வளர்த்தறியாதவர்.

விதியில் பேசப்பட்டவற்றுள் மரவேலியும் ஒன்று. இரு வீடுகளுக்கு நடுவே ஓடும் வேலி, தீக்குத் திரிபோல அமைந்துவிடுகிறது. ஆகவே சுவரைத் தொடும் கடைசி ஐந்தடியையாவது மரத்தை நீக்கி உலோகத்தால் அமைக்கச் சொல்கிறார்கள். வேலை சிறிது. ஆனால் வேலி இருவருக்கும் பொது. அதைப் பெயர்க்கவேண்டுமானால் ஒருவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிப் பேசியாக வேண்டும்.