இயற்கையா குற்றவாளி?

"தலைவிதி" என்றனர் அன்று. உழைத்தவன் ஓடாய்த் தேய்ந்தான். உண்டவன் உரம் பெற்றான். ஏன் இந்த நிலை என்று கேட்டவனுக்கு, "எழுதியவன் எழுத்து, எவரால் மாற்ற முடியும்?" என்று விடை கூறினர். அந்த விடையை ஏற்க மறுத்தவர்கள் நாம்.

அதே விடை இன்று உடை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது. "விதி" என்ற சொல்லை வீசிவிட்டு, "இயற்கை" என்ற சொல்லை ஏந்தி வருகிறது. எண்ணெய் வயலில் உழைப்போன் உடலிலே கதிரியக்கப் பொருள் புகுகிறதே, யார் பொறுப்பு என்று கேட்டால், "அது மண்ணிலேயே உள்ளது, நாங்கள் உண்டாக்கியதன்று" என்கின்றனர்.

உண்டாக்காதவனுக்குப் பொறுப்பு உண்டா, இல்லையா? இதுதான் கேள்வி. விடை காணுமுன் உண்மையை அறிவோம்.

பூமியின் பாறைகளிலே யுரேனியமும் தோரியமும் சிறு அளவில் கலந்து கிடக்கின்றன. அவை சிதைந்து வரும் வழியிலே ரேடியம் பிறக்கிறது. எண்ணெய் தங்கியுள்ள ஆழத்திலே உப்பு நீரும் தங்கியிருக்கிறது. அந்நீரிலே ரேடியம் கரைகிறது. எண்ணெயை எடுக்கும்போது நீரும் உடன் வருகிறது. வரும் வழியில் அழுத்தம் குறைகிறது, வெப்பம் தணிகிறது. நீரிலுள்ள பேரியம், பேரியம் சல்பேட்டாகிக் குழாயின் உட்புறத்தில் கல்லெனப் படிகிறது. ரேடியமும் அதனோடு சேர்ந்து படிகிறது. ஆழத்திலே, பெரும் பரப்பிலே சிதறிக் கிடந்தது, ஒரு குழாய்க்குள்ளே திரண்டுவிடுகிறது. சிதறி வைத்தது இயற்கை; திரட்டித் தந்தது தொழில்!

படிவு வளர்ந்தால் குழாய் அடைபடும். கழற்றிச் சுரண்ட வேண்டும். யார் சுரண்டுவது? பங்குப் பத்திரம் வைத்திருப்போரா? இல்லை. அன்றாடக் கூலிக்கு வரும் உழைப்பாளி! உலர்ந்த படிவைச் சுரண்டினால் தூசி பறக்கும். ரேடியம் உமிழும் ஆல்ஃபாக் கதிர் தோலைக்கூடத் துளைக்க வல்லதன்று. ஆனால், தூசியாகி மூச்சோடு உள்ளே புகுந்தாலோ, உள்ளிருந்தே தாக்கும். ரேடியம், கால்சியத்தைப் போல் நடித்து எலும்பிலே குடியேறும். இன்றுள்ள ரேடியம்–226, பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும்!

எண்ணெய் வயல் நீரிலே கதிரியக்கம் உண்டு என்பது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே விஞ்ஞானிகள் அறிந்த செய்தி. ஆனால், எண்ணெய் வளம் கொழிக்கும் அமெரிக்காவின் லூசியானா மாநிலம் இதற்கென விதிமுறை வகுத்தது 1989இல். ஏட்டிலே இருந்த அறிவு, குழாயைச் சுரண்டியவன் காதுக்கு எட்ட எத்தனை ஆண்டுகள்!

அதே லூசியானாவிலே, மிசிசிப்பி ஆற்றின் கரையிலே ஹார்வி என்றோர் ஊர். அங்கே ஒரு நிலத்திலே, எண்ணெய் வயலின் பழைய குழாய்களைப் பல்லாண்டுகள் துப்புரவு செய்தனர். நிலத்துக்கு உடையவர்கள் ஒரு முன்னாள் நீதிபதியின் குடும்பத்தார். நிலம் கெட்டது என்று அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2001இல் நடுவர் குழு, எக்சான் மொபில் நிறுவனம் தண்டத் தொகையாக மட்டும் 100 கோடி டாலர் தரவேண்டும் என்றது. மேல்முறையீட்டிலே அது ஏறத்தாழ 11 கோடியாகக் குறைந்தது. குறைந்தாலும் கோடிகள்தாம்!

நிலம் கெட்டதற்கு நீதி கேட்டதைக் குறை கூறோம். ஆனால், அந்த நிலத்திலே நின்று தூசியைச் சுவாசித்தவன்? அவனும் நீதிமன்றப் படி ஏறவேண்டியிருந்தது. அவன் பாதையோ கடினம். மண்ணின் மீது கருவியை வைத்தால், நச்சு இருப்பதை அது உடனே காட்டும். புற்றுநோயோ பல்லாண்டு கழித்து வரும். வரும்போது, "நான் இன்ன தூசியால் வந்தேன்" என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வராது. உழைத்த நாளிலே எவரும் அளந்து எழுதி வைக்காதபோது, அவன் எதைக் காட்டி வழக்காடுவான்? அளக்காமல் விட்டவரே, பின்னாளில் "அளவு எங்கே?" என்று கேட்பது எவ்வகை அறம்?

"இயற்கை" என்ற வாதத்துக்கு வருவோம். ரேடியம் இயற்கையானது, ஆம். எண்ணெய் மட்டும் யார் உண்டாக்கியது? அதுவும் இயற்கை தந்ததே! அதை எடுக்கும்போது, "இது இயற்கையின் உடைமை, எமக்குரியதன்று" என்று எவரேனும் விலகி நின்றனரா? எண்ணெய் எங்களுடையது, அதனோடு வந்த நஞ்சு இயற்கையினுடையது என்பது எந்த ஊர் நியாயம்? கிணற்றுக்கு உரிமை கொண்டாடுவோன், கிணறு தரும் அனைத்துக்கும் பொறுப்பாளி.

"விரும்பித்தானே வேலைக்கு வந்தான்?" என்பர். தெரிந்து இசைவதே இசைவு. குழாய்க்குள் இருப்பது இன்னதென்று சொல்லாமல் பெற்ற இசைவு, இருட்டிலே வாங்கிய கையொப்பம்.

1920களில் அமெரிக்காவின் நியூஜெர்சியிலே கடிகார முகப்புக்கு ரேடியச் சாயம் தீட்டிய இளம்பெண்கள், தூரிகை முனையைக் கூராக்க உதட்டிலே வைத்தனர். தீங்கில்லை என்று அவர்களிடம் கூறப்பட்டது. அதே தொழிலிலே வேதியியலார் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று வேலை செய்தனர்! தாடை எலும்பு சிதைந்து மாண்டனர் பெண்கள். அறிவு ஒரு சாராருக்கு, ஆபத்து மறு சாராருக்கு என்பதுதானே வருணாசிரமத்தின் பாடமும்?

"கண்ணுக்குத் தெரியாத பேயை நம்பாதே என்கிறீர், கண்ணுக்குத் தெரியாத கதிரை நம்பச் சொல்கிறீரே?" என்று நம்மை மடக்க நினைப்போர் உண்டு. பேயை அளக்கக் கருவி இல்லை; கதிரை அளக்கக் கருவி உண்டு. அளந்து அறிவதே பகுத்தறிவு. ஆகவே, அளக்காமல் அஞ்சி நடுங்குவதும் மூடத்தனமே. அளக்காமல் அஞ்சாதே என்பதும் மூடத்தனமே. எல்லா எண்ணெய்க் கிணறும் நஞ்சு கக்குவதில்லை. பல குழாய்களிலே படிவின் கதிர் மிகக் குறைவு. எது அதிகம், எது குறைவு என்பதைக் கருவி கூறட்டும்.

காக்கும் வழியோ எளிது. திறக்குமுன் அளத்தல். படிவை நனைத்துச் சுரண்டுதல். மூச்சுக்குக் கவசம். தொட்டிக்குள் இறங்குமுன் காற்றோட்டம். வேலையிடத்திலே உண்ணாமை, புகையாமை. கழற்றிய குழாயின் வாயை அடைத்தல். கழிவைத் தனியே காத்தல். ஒவ்வொருவர் பெற்ற கதிரளவையும் ஏட்டிலே குறித்து, அவரவர் கையிலே தருதல். ஓராண்டிலே தொழிலாளி பெறக்கூடிய அளவு, ஐந்தாண்டுச் சராசரியாக 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டலாகாது என உலக விஞ்ஞானிகள் வரம்பு வகுத்துள்ளனர். எண்ணெய் விற்ற பணத்திலே இதற்கு இடமில்லை என்றால் எவர் நம்புவர்?

காவிரிப் படுகையிலும் எண்ணெய்க் கிணறுகள் உண்டு. வளைகுடா நாட்டு வயல்களிலே தமிழர் உழைக்கின்றனர். தோழர்களே, அங்கே வேலைக்குச் செல்லும் தம்பி கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: "இக்குழாயை அளந்தீரா? அளவைக் காட்டுக!"

கேட்பது அவன் உரிமை. காட்டுவது முதலாளியின் கடமை. இதற்கு இடையிலே இயற்கையை இழுக்க வேண்டாம்.