வளர்பவனுக்கு இடம்

பஸ்ஸர்பீட்டர் என்ற இணைய விளையாட்டில் நாம் ஒரு கூடைப்பந்து அணிக்கு மேலாளர். பந்தை நாம் தொடுவதே இல்லை. யார் எந்த இடத்தில் இறங்குவது, இந்த வாரம் எந்தத் திறனைப் பயிற்றுவிப்பது என்று முடிவு செய்துவிட்டுக் காத்திருப்பதுதான் நமக்குள்ள வேலை. ஒவ்வொரு சீசனிலும் டிராஃப்ட் என்னும் புதியவர் தேர்வு வழியாக 18, 19 வயதுப் பையன்கள் அணிக்கு வந்து சேர்வார்கள். அவர்களை வளர்த்தெடுப்பதில்தான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதற்கு அடிப்படையாக ஒரு விதி உண்டு. களத்தில் நின்று ஆடிய நிமிடங்களுக்கு மட்டுமே பயிற்சி சேரும். எவ்வளவு தேர்ந்த பயிற்சியாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தினாலும், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றும் ஏறாது. ஒரு முழு ஆட்டத்தின் நேரம் 48 நிமிடங்கள். வாரத்தில் அத்தனை நிமிடங்களும் பயிற்சிக்கு உரிய இடத்தில் ஆடினால்தான் அந்த வாரத்தின் பலன் அவனுக்கு முழுதாகக் கிடைக்கும்.

உயரமான ஒரு பையன் வந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்குக் கூடையடியில் சென்டராக நிற்கப் போகிறவன். ஆனால் பந்தைக் கையாளவும் பாஸ் கொடுக்கவும் தெரிந்தால்தான் அவன் முழுமையான ஆட்டக்காரன் ஆவான். அவற்றைக் கற்க அவன், பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு இடத்தில் நிற்க வேண்டும். உயரமானவர்களுக்கு இந்தத் திறன்கள் மெதுவாகத்தான் ஏறும். ஆகவே வரிசை எழுதும்போது முதலில் இறங்குபவன், அவனுக்கு மாற்று, அதற்கும் அடுத்த மாற்று என்று மூன்று கட்டங்களிலும் அவன் பெயரையே குறிக்கிறோம். அந்த இடத்துக்கென்றே பிறந்ததுபோல் ஆடும் மூத்தவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். ஆட்டம் தொடங்குகிறது. பையன் பந்தைத் தொலைக்கிறான். எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடுகிறது. நான்காவது கால்பகுதி வருவதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கும்.

அவன் தடுமாறுவான் என்று தெரிந்தே அங்கே நிறுத்தினோம். அவன் வளர்வதற்கான விலையை நம் தோல்வியாகக் கொடுத்தோம். ஒருவரை வளர்ப்பது என்றால் கற்றுக்கொடுப்பது, கண்டிப்பது, ஊக்கம் தருவது என்றெல்லாம் நாம் நினைத்திருக்கிறோம். இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு காரியம் இருக்கிறது. அவன் நிற்பதற்கு இடம் வேண்டும். நம் வெற்றி உட்கார்ந்திருக்கும் அதே இடத்தைத்தான் நாம் அவனுக்குக் கொடுக்க முடியும். வேறு இடம் நம்மிடம் இல்லை.

மனம் லேசில் விடாது. இந்த ஒரு வாரம் மட்டும் மூத்தவரை இறக்குவோம், புள்ளிப் பட்டியலில் கொஞ்சம் மேலே வந்த பிறகு பையனைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேரம் பேசும். அந்தப் பேரம் நியாயமாகவே தோன்றும். ஆனால் 18 வயதில் ஏறும் வேகம் 25 வயதில் இருக்காது. சீசனுக்கு ஒரு வயது வீதம் அவனுக்குக் கூடிக்கொண்டே போகிறது. விட்டுப்போன வாரம் திரும்பி வராது. இந்தப் பேரத்தை எத்தனை மனிதர்களோடு எத்தனை முறை பேசியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தால் உள்ளே ஏதோ அசைகிறது. வீட்டுப் பொறுப்பைப் பிள்ளையிடம் ஒப்படைக்காமல் தள்ளிப்போடும் பெற்றோர், மேடையைச் சீடனுக்கு விடாத வித்துவான், எல்லாவற்றையும் தானே செய்து முடிக்கும் திறமைசாலி அதிகாரி ஆகியோர் யாருமே கெட்டவர்கள் இல்லை. இந்த ஒரு முறை சரியாக நடந்துவிடட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வளர்ச்சி கண்ணுக்குப் புலப்படுவதும் அரிது. ஒவ்வொரு திறனுக்கும் ஒரு நிலை எழுதப்பட்டிருக்கும். இரண்டு நிலைகளுக்கு நடுவே அவன் எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பதை அவனுக்குரிய இணையப் பக்கம் காட்டாது. வாரத்தில் ஒரே ஒரு முறை பயிற்சிக் கணக்கு முடிகிறது. அன்று போய்ப் பார்த்தால் பல வாரங்களில் எதுவும் மாறியிருக்காது. பிறகு ஒரு வாரம் அடுத்த நிலை எழுதியிருக்கும். ஆடுபவர்கள் அதை ‘பாப்’ என்பார்கள். பாப் ஆன வாரம் எல்லோருக்கும் கொண்டாட்டம். எனக்கோ அதற்கு முந்தைய வாரங்களின் மீதுதான் மதிப்பு அதிகம். ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றிய அந்த வாரங்களும் கணக்கில் ஏறியவைதான். பல ஆண்டுகளாக ஜபம் செய்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இன்றைய ஜபத்தில் ஒன்றும் கிடைக்கவில்லையே என்று அவர்கள் எழுந்து போய்விடுவதில்லை.

ஒவ்வொரு பையனுக்கும் எட்டக்கூடிய உயரம் எது என்பதும் ஆரம்பத்திலேயே ஒரு பெயராக எழுதியிருக்கும். மிகத் தாழ்ந்த படிக்கு வர்ணனையாளர் என்று பெயர். அத்தகைய பையன்களை வந்த அன்றே அனுப்பிவிடுபவர்கள் உண்டு. எல்லை தெரிந்துவிட்டது என்பதற்காக, எல்லை வரைக்கும் உள்ள வழியை நடக்காமல் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இல்லாத பிள்ளைக்காக இவ்வளவு அக்கறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவனுக்கு உடல் கிடையாது, தாய் தந்தை கிடையாது, நன்றி சொல்லவும் தெரியாது. ஆனால் எதிரில் இல்லாத பிள்ளையைத் தாலாட்டுவது தமிழுக்குப் பழக்கமானது. பெரியாழ்வார் யசோதையாக நின்று கண்ணனை வளர்த்தார். அவருக்குப் பின் வந்த பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் காப்பு முதல் பத்துப் பருவங்களை வகுத்துக்கொண்டு முருகனையும் மீனாட்சியையும் குழந்தையாக்கி அழைத்தார்கள். அவர்கள் பாடிய நேரத்தில் தொட்டிலில் யாரும் இல்லை. தாய்மை மட்டும் உண்மையாக இருந்தது. நம் மேலாளர் வேலையை அந்தப் பக்திக்குப் பக்கத்தில் வைக்கத் துணிய மாட்டேன். இருந்தாலும், திருப்பித் தர இயலாத ஒருவன்மீது வைக்கும் கவனம் கொஞ்சம் தூயதாக இருக்கிறது என்பதை அந்தப் பாடல்கள் வழியாகத்தான் புரிந்துகொண்டேன்.

தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கும் இந்தக் குணம் கூடைப்பந்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இதை உருவாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். இறையியல் படித்தவர். அவர் எழுதிய 13 விதிகளில் ஒன்று, பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்பது. பிடித்த இடத்திலிருந்தே அதை எறிந்துவிட வேண்டும். பின்னாளில் கான்சஸ் பல்கலைக்கழக அணிக்கு அவர் பயிற்சியாளராக இருந்தார். அங்கே அவர் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. விளையாட்டைப் படைத்தவரின் பெயரில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம்! ஆனால் அவரிடம் ஆடிய ஃபோக் ஆலன் பெரும் பயிற்சியாளர் ஆனார். ஆலனிடம் ஆடிய டீன் ஸ்மித் நார்த் கரோலினா பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். ஸ்மித்தின் கையில் மைக்கேல் ஜோர்டன் வளர்ந்தார். நம் ஊரில் இதைக் குருபரம்பரை என்போம். நெய்ஸ்மித் 1939-இல் மறைந்துவிட்டார். ஜோர்டன் பிறந்தது 1963-இல்.

பஸ்ஸர்பீட்டரில் பிரிவு சீக்கிரமே வந்துவிடும். திறன் ஏற ஏறப் பையனின் சம்பளமும் ஏறும். சிறிய அணியால் தாங்க முடியாத ஒரு கட்டம் வரும். அப்போது அவனை ஏலத்தில் வைக்க வேண்டியதுதான். யாரிடம் போகிறான் என்பதும் நம் கையில் இல்லை. அதிகம் கேட்டவருக்கு அவன். சில சீசன்கள் கழித்து அவன் தன் நாட்டின் 21 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடலாம். வேறொருவர் கோப்பை தூக்க அவன் காரணமாகலாம். அவன் திறன்களில் எந்தப் படி யாருடைய தோல்வியில் ஏறியது என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

விற்ற பிறகும் அவன் பக்கத்தைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். புதிய மேலாளர் அவனுக்கு நிமிடங்கள் கொடுக்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன். கொடுத்திருந்தால் நிம்மதி. கொடுக்காவிட்டால் சற்று வருத்தம். ஆனாலும் ஏறிய திறன் இந்த வயதில் இறங்காது என்பதால் பதற்றம் இல்லை. வயதேறி அவன் தளரும்வரை அது அவனோடுதான் இருக்கும். அதற்குள் எனக்கு அடுத்த ஆட்டத்தின் வரிசை எழுத வேண்டியிருக்கும். புதிதாக வந்தவனுக்குப் பாஸ் சுத்தமாக வரவில்லை. பாயின்ட் கார்டு இடத்துக்கு நேராக மூன்று கட்டங்களிலும் அவன் பெயரைக் குறிக்கிறேன்.