கண்ணாடிக்குள் ஒரு வேட்டை மீன்

வேட்டை மீனை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது அறமாகுமா என வினவுவோர், அதற்கு இரையாக எறியப்படும் சிறு மீன்களுக்காகவே இரங்குகின்றனர். அவ்விரக்கம் தவறன்று, ஆயின் பாதியே. ஆற்றிலும் பெரியது சிறியதைத் தின்னத்தான் செய்கிறது. ஆங்கே ஓடி ஒளிய வேரும் பாசியும் உண்டு. தொட்டியிலோ நாற்புறமும் கண்ணாடி. அதனை வேட்டை என்பதினும் நமது வேடிக்கை என்பதே தகும்.

நிற்க. தின்னும் மீனின் நிலை யாது? பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா ஏரியில் வாழும் அரோவானா ஏறத்தாழ மூன்றடி நீளம் வளரக்கூடியது. அரைச் சாண் குஞ்சை வாங்கி வந்தவர் இதனை எண்ணுவதில்லை. மீன் வளர்கிறது, தொட்டி வளர்வதில்லை. இம்மீன் வீட்டிற்குச் செல்வம் கொணரும் என நம்பிப் பெரும்பொருள் கொடுப்போரும் உளர். செல்வம் வந்ததென்னவோ விற்றவர்க்குத்தான்! அருகிவரும் உயிர்களின் உலக வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் 1975 முதல் இவ்வினம் இடம்பெற்றிருத்தலால், பண்ணைக் குஞ்சுகளே முறைப்படி விலைக்கு வருகின்றன என்பர். பண்ணையிற் பிறந்ததனால் நீந்தும் இயல்பு மாறிற்றா?

கொடியதென்று நாம் பெயரிட்ட இம்மீனின் ஆண், முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாயினுள் வைத்து வாரக்கணக்கில் காக்கின்றது. வீட்டுத் தொட்டியிலோ, சேர்ந்தால் பொருதும் என்றஞ்சி ஒன்றையே தனித்து வைக்கின்றனர். அந்த வாய்க்கு இரை விழுங்கும் வேலை ஒன்றே எஞ்சுகிறது.