ஓசியும் சிக்கனமும்

சிக்கனத்துக்கும் ஓசிக்கும் என்ன வித்தியாசம்?

சிரிக்காதீர்கள். கொஞ்சம் யோசித்தால் சிக்கலான கேள்விதான். இரண்டிலும் பர்ஸ் தப்பிக்கிறது. இரண்டையும் ஊருக்கு வந்து நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். பிறகு ஒன்றைப் பாராட்டுகிறோம், இன்னொன்றைப் பார்த்து முகம் சுளிக்கிறோமே, ஏன்?

இதற்குப் பதில் தேட ஒரு பயணத் திட்டத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ஊர், நியூசிலாந்து. பயணம், கேம்பர்வேனில். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிக்கொண்டு, நாமே சமைத்து, பொழுது சாய்ந்ததும் அதிலேயே படுத்துக்கொள்ள வேண்டியது. கார் வாடகை, ரூம் வாடகை, ஓட்டல் சாப்பாடு மூன்றும் ஒரே செலவில் அடங்கிவிடும். நம்மைப் போலவே சாலையின் இடதுபக்கம் ஓட்டுகிற தேசம் என்பதால் பாதி பயம் போயிற்று.

இதில் காசு மிச்சம் பிடிக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, காலம் பார்த்துப் போவது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே கோடை. பள்ளிக்கூட விடுமுறை, கிறிஸ்துமஸ் எல்லாம் அதில் வருவதால் வண்டி வாடகை உச்சத்தில் இருக்கும். ஏப்ரலில் போனால் இறங்கிவிடும். ராத்திரி குளிரும், ஒரு ஸ்வெட்டர் கூடுதலாக வேண்டும். வண்டியிலேயே சாதம் வைத்து ரசம் காய்ச்சிக்கொண்டால் இன்னும் மிச்சம். பாத்திரம் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே குறைந்த பணத்துக்கு ஈடாக நாம் குளிரையும் உழைப்பையும் ஏற்றுக்கொள்கிறோம். விலையைக் கொடுப்பது நாம்தான். வேறு நாணயத்தில் கொடுக்கிறோம்.

இரண்டாவது வழி சுவாரஸ்யமானது. வடக்குத் தீவில் ஆக்லாந்தில் வண்டி எடுக்கிற பலர், தெற்குத் தீவில் கிறைஸ்ட்சர்ச்சிலோ குயின்ஸ்டவுனிலோ அதை விட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். காலி வண்டியை யாராவது திரும்ப ஆக்லாந்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு டிரைவர் வைத்தால் செலவு. எனவே நாளைக்கு ஒரு டாலர் என்கிற மாதிரி பெயரளவு வாடகைக்கு நம்மிடமே கொடுப்பார்கள். இத்தனை நாளுக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. இதில் யாருக்கும் நஷ்டமில்லை. வீணாகப் போகிற ஒன்றை நாம் பயன்படுத்திக்கொள்கிறோம். சிக்கனத்தின் உத்தமமான வடிவம் இது.

மூன்றாவது வழியில்தான் வம்பு.

பணம் கட்டுகிற முகாம்களுக்குப் போகாமல், ஏரிக்கரையிலோ கடற்கரை பார்க்கிங்கிலோ வண்டியை ஓரம்கட்டித் தூங்குவது. அங்கே இதற்கு ‘ஃப்ரீடம் கேம்பிங்’ என்று பெயர். இது திருட்டுத்தனம் இல்லை. 2011-ல் வந்த சட்டத்தின்படி, உள்ளூர் கவுன்சில் தடை போடாத பொது இடத்தில் தங்கலாம். எத்தனையோ தலைமுறையாக அந்த ஊர் மக்களே அனுபவித்துவருகிற உரிமை. பணக்காரனுக்கு மட்டும்தான் ஏரிக்கரை சொந்தமா, சாதாரண மனுஷன் நட்சத்திரம் பார்த்துத் தூங்கக் கூடாதா என்கிற நியாயம் அதன் பின்னால் இருக்கிறது. எனக்கும் அந்த நியாயம் பிடிக்கும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். சுமார் 50 லட்சம் பேர் வாழ்கிற நாட்டுக்கு 2019-ல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 39 லட்சம். டெக்காப்போ ஏரி இருக்கிற மெக்கன்ஸி மாவட்டத்தின் மக்கள்தொகை ஐயாயிரம் சொச்சம். ஏரிக்கரையில் கக்கூஸ் கட்டுவதும், குப்பைத் தொட்டியைக் காலிசெய்வதும் கவுன்சில். கவுன்சிலின் முக்கிய வருமானம் அந்த ஐயாயிரம் பேர் கட்டுகிற வீட்டு வரி.

“நானும்தானே அங்கே செலவு பண்றேன்? பெட்ரோல் போடறேன், பால் வாங்கறேன், எல்லாத்துக்கும் ஜி.எஸ்.டி. கட்டறேனே!” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அந்த 15 சதவீத ஜி.எஸ்.டி. போகிற இடம் மத்திய அரசு. கக்கூஸ் கழுவுகிற செலவு ஏரிக்கரைக் கவுன்சிலுக்கு. வெளிநாட்டுப் பயணிகளிடம் வாங்கும் தனி வரியை 2024 அக்டோபரில் 35 டாலரிலிருந்து 100 டாலராக ஏற்றினார்கள். நம் பணத்தில் சுமார் 5,000 ரூபாய். விசாவோடு சேர்த்துக் கட்ட வேண்டும். ‘அநியாயம்’ என்று முணுமுணுப்பதற்கு முன்னால், ஏரிக்கரைக் கிழவியின் வீட்டு வரியை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

1968-ல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்கர் ஒரு பிரபலமான கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலம். ஆளாளுக்கு இன்னும் ஒரு மாடு, இன்னும் ஒரு மாடு என்று விட்டுக்கொண்டே போவார்கள். லாபம் அவரவருக்கு, நஷ்டம் எல்லோருக்கும். கடைசியில் புல்லே இருக்காது. மனுஷன் இப்படித்தான் என்றார் அவர்.

எலினோர் ஆஸ்ட்ரம் என்ற பெண்மணி, “எல்லா இடத்திலும் அப்படி இல்லையே” என்று ஊர் ஊராக உதாரணம் காட்டினார். 2009-ல் பொருளாதார நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அவர் காட்டிய ஊர்களில் ஒன்று, சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமம். அங்கே 1517-லிருந்து ஒரு விதி. குளிர்காலத்தில் உன் சொந்தத் தீவனத்தில் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது மலையில் மேய்க்கலாம். அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது.

எவ்வளவு அழகான அளவுகோல்! பொதுச்சொத்தில் கை வைக்காதே என்று அது சொல்லவில்லை. தாராளமாக வை; ஆனால் நீ சுமக்கக்கூடிய அளவுக்கு மட்டும் வை என்கிறது.

நியூசிலாந்தின் 2023 சட்டமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. கவுன்சில் இடத்தில் வண்டியிலேயே தூங்க வேண்டுமானால், பொதுவாக அந்த வண்டி ‘தன்னிறைவு’ சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். மூன்று நாளைக்கான தண்ணீரையும் கழிவையும் வண்டியே தாங்க வேண்டும். டாய்லெட் வண்டியோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கையில் தூக்கிப்போகிற வாளிச் சமாச்சாரம் செல்லாது. மீறினால் 800 டாலர் வரை ஸ்பாட் ஃபைன். டாய்லெட்டுக்கு அடியில் இருக்கிற பெட்டி சுமார் 20 லிட்டர் பிடிக்கும். நிரம்பியதும் அதற்கென்று குறித்த இடத்துக்கு எடுத்துப்போய் நாமே கொட்டி, நாமே அலச வேண்டும். வீட்டில் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், அது எங்கே போகிறது, யார் கை படுகிறது என்று நினைப்பதே இல்லை. கேம்பர்வேனில் அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது. தத்துவ வகுப்புக்கு நிகரான இடம் என்பேன்.

அதே சட்டத்தில் இன்னொரு விஷயம் என்னைத் தொட்டது. வீடில்லாமல் வண்டியில் படுத்துக் கிடப்பவர்களை ‘கேம்பிங்’ செய்பவர்களாகக் கருதி அபராதம் போடக் கூடாது என்று தெளிவாக்கியிருக்கிறார்கள். இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றில் இருப்பவருக்குப் பத்து நாளில் திரும்பிப்போக ஒரு வீடு இருக்கிறது. இன்னொருவருக்கு அதுதான் வீடு. முதலாமவர் அங்கே தங்குவது விருப்பத்தால், இரண்டாமவர் வழியில்லாமல். இரண்டுக்கும் ஒரே நியாயம் பேச முடியாது. நம்மால் கட்ட முடிகிற பணத்தைக் கட்டாமல், ‘ஏழைக்கும் ஏரி வேண்டாமா’ என்று அவருடைய நியாயத்தை நாம் கடன் வாங்கிப் பேசுவது அழகல்ல.

ஆக, நான் கண்ட வித்தியாசம் இதுதான். விலையை நாமே வேறு விதமாகக் கொடுத்தாலோ, வீணாகிறதை எடுத்துக்கொண்டாலோ அது சிக்கனம். நம் செலவை முகம் தெரியாத ஒருவர் தலையில் வைத்துவிட்டு வந்தால் அது ஓசி. டிக்கெட்டின் விலையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வண்டி நகர்ந்த பிறகு அந்த இடத்தில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நியூசிலாந்தின் கிராமச் சாலைகளில் பழக்கூடைகளை அடுக்கிவைத்து, பக்கத்தில் ஓர் உண்டியலை வைத்திருப்பார்கள். விற்கிற ஆள் இருக்க மாட்டார். காசைப் போட்டுவிட்டுப் பழத்தை எடுத்துக்கொள்ள வேண்டியது. யாரும் பார்க்கவில்லை, கேமரா இல்லை, மறுபடி அந்தப் பக்கம் வரப்போவதும் இல்லை.

பட்ஜெட் போடும்போது அந்த உண்டியலுக்கும் சில்லறை எடுத்துவைத்துவிட்டீர்களா?