செப்புத் தகட்டில் பிரபுக்களின் முகம்

அதிகாரத்திலிருப்போரின் முகத்தை அழகுறப் பொறிக்கும் கலைஞன் அவ்வதிகாரத்துக்கும் பொறுப்பாளியாகிறானா? கலைஞன் கூலிக்குத் தொழில் செய்பவன், அவனைக் குறைகூறலாகாது என்பர் சிலர். அரண்மனைக் கலை யாவும் அடிமைக் கலையே என்பர் வேறு சிலர். இரண்டும் அவசரத் தீர்ப்புகளே.

பிரான்ஸிலே வாழ்ந்த ரொபேர் நாந்தேய் (1623–1678) என்பாரை நோக்குவோம். பதினான்காம் லூயி மன்னனையும், மசாரின், பூக்கே, கோல்பேர் முதலிய அதிகாரிகளையும் செப்புத் தகட்டில் வடித்தவர் அவர். கூரிய எஃகு உளியைச் செம்பிலே தள்ளிக் கோடு கோடாய்ச் சால் பிடிக்கும் கடுந்தொழில் அது. சால்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்துவர். ஆழ்ந்த கோடு நிழலாகும். மெலிந்த கோடு ஒளியாகும். 1660 இல் அரச கட்டளையொன்று இத்தொழிலைக் கைவினைச் சங்கக் கட்டுப்பாடுகளுக்கு உட்படாத சுதந்திரக் கலையெனப் பிரகடனஞ் செய்தது. செதுக்கியவன் மதிப்புப் பெற்றான். மை பூசி உருளையைச் சுழற்றியவனின் பெயரோ பெரும்பாலும் படத்தில் இல்லை.

வண்ண ஓவியம் மாளிகைச் சுவரொன்றில் மட்டுமே தொங்கும். அச்சுப்படமோ பல கைகளுக்குச் செல்லும். பிரபு தன் முகத்தைப் பரப்பியது செல்வாக்கைப் பரப்புதற்கே. சரிகையும் மென்முடியும் அப்படங்களில் நுணுக்கமாய்த் தெரிகின்றன. பிரபுக்களுக்கு விலக்களித்துக் குடியானவரின் தோளில் ஏற்றப்பட்ட நேர்வரி அங்கே தெரிவதில்லை.

ஆயினும், பரவிய முகம் எப்போதும் உரியவனுக்கே ஊழியஞ் செய்வதில்லை. 1791 யூன் மாதத்தில் மாறுவேடத்தில் தப்பியோடிய பதினாறாம் லூயி வாரென் என்ற சிற்றூரில் பிடிபட்டான். வழியில் அவனை இனங்கண்ட அஞ்சற்குதிரை நிலையத் தலைவன் துரூவே, காகித நாணயத்தில் பொறித்திருந்த மன்னனின் உருவம் தனக்கு உதவியதென்று பின்னர் தேசிய சபையிற் கூறினான். மன்னனின் பெருமைக்கெனப் பொறித்த முகமே அவனைக் காட்டிக்கொடுத்தது.

ஆகவே, தான் வரைந்த கோடு நாளை எவருக்குப் பயன்படும் என்பதைக் கலைஞன் தீர்மானிக்க முடியாது. அதற்கு அவனைக் குற்றஞ்சாட்டுவதும் நியாயமன்று. ஆனால் எதனைப் பொறிப்பது, எதனை விடுப்பது என்ற தேர்வில் அவனுக்கும் பங்குண்டு. அவன் திறமையைப் போற்றும் நாம், அவன் விடுத்தவற்றையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும். கலைஞனுக்குச் செய்யும் நீதியும், வரி செலுத்திய குடியானவனுக்குச் செய்யும் நீதியும் அதுவே.